கதவுக்கொரு சீட்டு

மாதவரம்
11-8-2024

அக்கா செவ்வந்திக்கு உன் தம்பி தருமன் எழுதறது. நானும் சரண்யாவும் ஒரு கொறையும் இல்லாம இருக்கோம். உன் முட்டி வீக்கம் வத்திச்சா? திவ்யா பொன்னேரி காலேஜுக்கு ஒழுங்கா பஸ் புடிக்குதா?

ஆறு மாசமா போன் அடிச்சு அடிச்சு என் வெரலு தேஞ்சதுதான் மிச்சம். நீ எடுக்கமாட்டேங்கற. திவ்யாவுக்கு அடிச்சா, அம்மா வேலையா இருக்காங்க மாமான்னு ஒரே பாட்டு. சரி, எழுதியாவது பாப்போம்னு உக்காந்துட்டேன். நம்ம குப்பத்துக் கஸ்தூரியம்மாள் வாரத்துல ரெண்டு நாள் நண்டுக் கூடையோட எங்க ப்ளாட் கேட்டுக்கு வர்றாங்க இல்ல, அவங்க கையில இதைக் குடுத்தனுப்பறேன். பதிலையும் அவங்ககிட்டயே குடு. நண்டுக்குக் கீழ வெச்சுடாதே, மேல வை.

இங்க இப்ப பெரிய வேலை ஒண்ணு என் தலையில விழுந்திருக்குது. எங்க பில்டிங்ல அறுவத்திநாலு வூடு. அதுல இருவத்தோரு பேரு கரண்டுல ஓடற காரும் ஸ்கூட்டருமா வாங்கி வெச்சிருக்காங்க. சார்ஜ் போட எடம் கெடையாது. மூணாவது மாடி சமையல் ரூம்லேர்ந்து கீழ வரைக்கும் ஒயரைத் தொங்க விட்டிருக்காங்க, பாலத்துமேல நின்னு தூண்டில் போடறாப்புல. போன மாசம் ஒரு ப்ளக் கருகி ஒரே பொகை. அதுக்கப்புறம்தான் சங்கத்து செக்ரட்டரி தமிழ்வாணன் சாருக்கு முழிப்பு வந்துது. ட்ரான்ஸ்பார்மர்லேர்ந்து தனியா கேபிள் இழுக்கணும், தனி மீட்டர் பொட்டி, புதுசா எர்த் குழி, ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஷாக் அடிச்சா உடனே விழற சுவிட்சு. பொட்டியை மாட்டறதுக்கு வெளி கம்பெனிக்காரன் வருவான். ஆனா இந்தக் கட்டடத்துல எந்தக் கம்பி எங்க ஓடுதுன்னு தெரிஞ்சவன் ஒம்போது வருசமா எலக்ட்ரீஷியனா இருக்கற நான் ஒருத்தன்தான். அதனால முழுப் பொறுப்பும் எனக்கு. கொஞ்சம் குஷியாத்தான் கீது.

மாமாவோட சுத்து வலையை எலி கடிக்காம பாத்துக்க. எதுனா தேவைன்னா கூச்சப்படாம எழுது.

நீ இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கினு இருக்கற உன் தம்பி,
தருமன்


ஏரிமுனைக் குப்பம்
3-9-2024

தம்பி தருமனுக்கு,

உன் கடுதாசி நண்டுக்கு மேலதான் வந்துது. ஆனாலும் நாறுது. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். முட்டி அப்படியேதான் கீது. நாள் பூரா இடுப்பளவு தண்ணியில குந்திக்கினு கையால தடவி எறா புடிச்சா வீக்கம் எங்க வத்தும். திவ்யா பஸ் ஏறுது, நல்லாவும் படிக்குது. சரண்யாவைக் கேட்டேன்னு சொல்லு.

நான் வேலையா இருக்கேன்னு திவ்யா சொன்னது பொய்யில்ல. உங்க மாமா இருந்த வரைக்கும் எங்க வூட்டுக்கு ஏரியில வலை கட்டற பாடு இருந்துது. எங்க முறை வர்ற நாள்ல, எங்களுக்கு விழுந்த எடத்துல வலையைக் கட்டினா, அந்த ஒரு நாளே பத்து நாளைக்குத் தாங்கும். போன தையில பாடு சீட்டு எழுதறப்ப உங்க மாமா ராமன் பேரை எடுத்துட்டாங்க. வூட்டுல ஆம்பள இல்லியாம். அதான் சுண்ணாம்புக்குளத்துப் பொம்பளைங்களோட சேந்து தடவறேன். இதெல்லாம் உனக்கு நான் சொல்லியா தெரியணும்.

வலை பரண்மேல பத்திரமா கீது. மாமாகூட படகுல போன மணிகண்டன் மாசம் ஒருவாட்டி எறக்கி வெயில்ல போட்டு மறுபடி ஏத்தறான். முறை மட்டும் வரட்டும் அக்கா, நாளைக்கே தண்ணியில எறங்கறேன்றான். அடுத்த தைக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. அதுலயும் பேரு இல்லன்னா வலையை வித்துடலாம்னு இருக்கேன்.

உன் கரண்டு வேலை எனக்குப் புரியல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வண்டி நிக்கற எடத்துல மழைத் தண்ணி எது வரைக்கும் ஏறும்? அதைப் பாத்துட்டு அப்பறமா பொட்டியை மாட்டு.

போன்ல உன் குரலைக் கேட்டா எனக்குப் பேச்சு வராது. எழுது, படிக்கறேன்.

அக்கா


மாதவரம்
15-9-2024

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சொகம். சரண்யா உனக்கு முட்டிக்குத் தடவற தைலம் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்குது, கஸ்தூரியம்மாள் கூடையில பாரு. ராத்திரி சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துட்டுத் தடவணுமாம்.

தண்ணி எது வரைக்கும் ஏறும்னு கேட்டியே, உன் வாய்க்கு சக்கரை போடணும். கம்பெனிக்காரன் முழங்கால் ஒசரத்துல பொட்டியை மாட்டறதுக்கு சாக்பீஸால கோடே போட்டுட்டான். நான் அவனைத் தூணுக்கிட்ட இட்டுக்கினு போய் அந்தப் பெரிய வெள்ளத்தப்ப தண்ணி நின்ன கறையைக் காட்டினேன். இடுப்பளவு. அவன் சாக்பீஸ் கோட்டை அழிச்சுட்டான். இப்ப எல்லாப் பொட்டியும் நெஞ்சளவுல ஏறிடுச்சு. எங்க அக்கா சொன்ன ஐடியான்னு சொன்னேன். அவங்களும் எலக்ட்ரீஷியனான்னு கேட்டான். இல்ல, ஏரிக்காரங்கன்னேன்.

ஆனா இப்ப வேற பேஜாரு. இருக்கற ட்ரான்ஸ்பார்மர் ஒரே நேரத்துல ஆறு வண்டிதான் தாங்கும். ஏழாவதை மாட்டினா மொத்த பில்டிங்கும் ட்ரிப் ஆகி லிப்டு நடுவுல நின்னுடும். பெரிய ட்ரான்ஸ்பார்மர் கேட்டு ஈ.பி. ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கோம், அது எப்ப வருமோ. எல்லாரும் பகல்ல ஆபீசுக்குப் போறவங்க, அதனால எல்லாருக்கும் ராத்திரிதான் வேணும். ஆறு பாயிண்டுலயும் ரெண்டு லிப்டுகிட்ட, நல்ல வெளிச்சம். ரெண்டு நடுவுல. ரெண்டு பின்னாடி சாக்கடை மோட்டார் பக்கம். அங்க கொசுவும் நாத்தமும், காரைத் திருப்பவும் முடியாது. முதல்ல வர்றவனுக்கு முதல்லன்னு தமிழ்வாணன் சார் சொல்லிட்டாரு. அதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கே லீவு போட்டு வந்து எடம் புடிக்கறானுங்க. நேத்து ரெண்டு பெரிய மனுசங்க சட்டையைப் புடிச்சுக்கிட்டாங்க.

அப்பறம் அக்கா, இன்னொண்ணு. என் பேர்ல ஊர்ல பாடு இருக்குது இல்ல. ஊர்ப் பெரியவரு ஆதிநாராயணன் மாமா மவன்தானே அதுல வலை போட்டுக்கினு எனக்கு எப்பனா மீன் குடுத்தனுப்பறான். அதை நீ எடுத்துக்கயேன். நீ ஒரு வார்த்தை எழுதினா போதும், நான் மாமாகிட்ட பேசிக்கறேன்.

பதிலை எதிர்பாத்துக்கினு,
தருமன்


ஏரிமுனைக் குப்பம்
29-9-2024

தம்பிக்கு,

தைலம் வந்துது. ரெண்டு நாள் தடவினேன், கொஞ்சம் பரவால்ல. சரண்யாவுக்கு நல்ல மனசு. உன்னைக் கட்டிக்கினு எப்படித்தான் குடும்பம் பண்ணுதோ.

காத்து மாறிடுச்சு. நாலு நாளா ஏரியில எறா நல்லா தட்டுப்படுது. நைனா வூட்டுப் பின்சொவரு போன வாரம் விழுந்துடுச்சு. பூட்டிப் போட்ட வூடு, இன்னா பண்ணும். கதவை மட்டும் மணிகண்டன் எடுத்து வந்து எங்க வூட்டுப் பக்கம் சாத்தி வெச்சிருக்கான். மரம் நல்ல மரம், யாருனா அடுப்புக்கு எடுத்துக்கினு பூடுவாங்க.

உங்க பில்டிங் கதையை திவ்யாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆறு எடம், இருவத்தோரு வண்டி, இதுக்கா சட்டையைப் புடிப்பாங்க? ஏரியில மட்டும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரியா மீன் விழுது? முகத்துவாரத்துக்கிட்ட கெடைக்கறது வடக்குத் திட்டுல கெடைக்குமா? நைனா காலத்துலேர்ந்து யாருனா எடத்துக்கு அடிச்சுக்கினு பாத்திருக்கியா? சீட்டு எழுதிப் போட்டு எடுக்கறோம். இன்னிக்கு நல்ல எடம் வந்தவன் நாளைக்கு அடுத்த எடத்துக்கு நகந்துக்கறான். உங்க படிச்சவங்களுக்கு அதைச் சொல்லிக் குடேன். பொறந்ததுலேர்ந்து பாத்ததை மறந்துட்டியா?

நீ கடைசியா எழுதினதையும் படிச்சேன்.

அக்கா


மாதவரம்
21-10-2024

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம், அதுலயும் நான் ரொம்ப நல்லா இருக்கேன். ஏன்னு கேளு.

உன் கடுதாசி வந்த அன்னிக்கே தமிழ்வாணன் சாரைப் பாத்தேன். அவரு பேங்க்ல மேனேஜரா இருந்தவரு, எதையும் பேப்பர்ல போட்டுக் காட்டினாதான் நம்புவாரு. ஒரு அட்டையில ஏரியை வரைஞ்சு, எங்க வலை கட்டுவோம், எப்படி நகருவோம்னு காட்டினேன். பத்து நிமிசம் அதையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பறம், இது எத்தனை வருசமா நடக்குதுன்னாரு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து சார்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டுட்டாரு.

கார் நிறுத்தற எடத்துல நாற்காலி போட்டு எல்லாரும் உக்காந்தாங்க. நான்தான் பேசினேன் அக்கா, மைக்கைப் புடிச்சுக்கினு. பத்தொம்போது பேரு பேரையும் சீட்டுல எழுதி, சுருட்டி, பிளாஸ்டிக் கொடத்துல போட்டு, ஒவ்வொருத்தரையா கை வுட்டு எடுக்க வெச்சேன். முதல் ஆறு பேருக்கு முதல் ராத்திரி, அடுத்த ஆறு பேருக்கு ரெண்டாவது ராத்திரி, அப்படியே சுத்தி வரும். ஒவ்வொரு சுத்துக்கும் பாயிண்டும் ஒண்ணு நகரும். இன்னிக்கு லிப்டுகிட்ட நிக்கறவன் ஒரு நாள் சாக்கடை மோட்டார்கிட்டயும் நின்னுதான் ஆவணும். சட்டையைப் புடிச்சுக்கினாங்களே ரெண்டு பேரு, அவங்களே எழுந்து கை தட்டினாங்க. செக்ரட்டரி எனக்கு சால்வை போட்டாரு. அதை உனக்குத்தான் அனுப்பறேன், குளிருக்குப் போத்திக்க. பக்கத்து பில்டிங்காரங்களும் வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க.

நம்ம ஊரு முறைன்னு சொல்றப்போ எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துது.

உன் தம்பி,
தருமன்


ஏரிமுனைக் குப்பம்
3-11-2024

தம்பிக்கு,

நாங்க சொகம். தீபாவளிக்கு சரண்யா அனுப்பின பொடவையை திவ்யா எடுத்துக்கிச்சு. சால்வை வந்துது. மொரமொரன்னு கீது, ஆனா போத்திக்கலாம்.

நீ நல்லாதான் பண்ணியிருக்கே. மணிகண்டன்கிட்ட சொன்னேன், அவனும் சிரிச்சான்.

வண்டி இருவத்தொண்ணுன்னு எழுதியிருந்தே. சீட்டு பத்தொம்போதுன்னு எழுதியிருக்கே. மீதி ரெண்டு யாரு?

அக்கா


மாதவரம்
15-12-2024

அக்காவுக்கு,

நாங்க சொகம்தான். உங்க பக்கம் மழை எப்படி? கூரை ஒழுகுதா? இங்க போன வாரம் பார்க்கிங்ல தொடை அளவு தண்ணி நின்னுது. ஒரு பொட்டியும் நனையல. தமிழ்வாணன் சாரு பேண்ட்டை மடிச்சு வுட்டுக்கினு வந்து பாத்துட்டு, உங்க அக்காவுக்குத் தேங்க்ஸ் சொல்லுன்னாரு.

ஆறு வாரமா பதில் போடாததுக்கு மழையைக் காரணம் சொல்லலாம்னுதான் நெனச்சேன். கஸ்தூரியம்மாள் மழையிலயும் வந்துக்கினுதான் இருந்தாங்க. ஒவ்வொரு தடவையும் இன்னாப்பா கடுதாசி இல்லியான்னு கேப்பாங்க, நான் நண்டை மட்டும் வாங்கிக்கினு போயிடுவேன்.

மீதி ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கறவங்க. அதுல ஒருத்தர் வூடு காலி பண்ணிக்கினு போயிட்டாரு. இன்னொண்ணு குணசுந்தரின்னு ஒரு பொண்ணு, பி ப்ளாக்ல மூணாவது மாடி, அம்மாகூட இருக்குது. வூடு வூடா போய் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துக்கினு வர்ற வேலை. காலைல அஞ்சரைக்கெல்லாம் அந்த ஸ்கூட்டரை எடுத்துக்கினு கெளம்பிடும். சமையல் ரூம்லேர்ந்து ஒயரு தொங்கவுட்டது அதுதான். ஒயரைக் கத்திரிச்சவன் நான்தான். பாடு வந்துடுச்சே, இனிமே ஒயரு கூடாதுன்னு ரூலு.

சீட்டு எழுதறப்ப செக்ரட்டரி சொந்தக்காரங்க லிஸ்டைக் குடுத்தாரு. நான் கேள்வியே கேக்கல. நம்ம ஊர்லயும் பேரு இருக்கறவனுக்குத்தானே சீட்டு, அப்படித்தான் கை தானா எழுதிச்சு. அந்தப் பொண்ணு இப்ப ரெண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடையில கெஞ்சி சார்ஜ் போட்டுக்குது. கடைக்காரன் மூடிட்டா, மறுநாள் வண்டியைத் தள்ளிக்கினு போவுது. ஒரு நாள் நான் பொட்டியைப் பூட்டிக்கினு இருக்கறப்போ வந்து கேட்டுது, "அண்ணா, இந்த பில்டிங்ல நானும்தானே இருக்கேன்?"

நான் சொன்னேன், "பேரு இருக்கறவங்களுக்குத்தாம்மா. அதான் முறை."

சொல்லி முடிச்சதும்தான் ஒறைச்சுது. போன தையில மாரியம்மன் கோயில் முன்னாடி, ராமன் பேரு வந்தப்போ, ஆதிநாராயணன் மாமா சொன்ன அதே வார்த்தை. அதே மாதிரி சாந்தமா.

அக்கா, அன்னிக்கு அந்த வூட்டுக்காக யாருனா பேசறீங்களான்னு அவரு கேட்டாரு. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. பொறந்தவன் நான்தானே இருக்கேன். நான் குனிஞ்சு என் கால் கட்டைவெரலைப் பாத்துக்கினு இருந்தேன். வாயைத் தொறந்தா, நீயே வெளியூர்க்காரன், உன் பேரையும் எடுத்துடலாமான்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். நைனா பேருக்கு அப்பறம் வந்த பேரு, அது போயிடக் கூடாதுன்னு. உன் பேரு போனதைப் பாத்துக்கினு என் பேரைக் காப்பாத்திக்கினேன். இதை எழுதறதுக்குத்தான் ஆகஸ்ட்லேர்ந்து கடுதாசி போட்டுக்கினு இருக்கேன்.

தருமன்


ஏரிமுனைக் குப்பம்
22-12-2024

தம்பிக்கு,

கூரை ரெண்டு எடத்துல ஒழுகுது, பாத்திரம் வெச்சிருக்கோம். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பூநாரைங்க வந்துடுச்சு, காருல வந்து எறங்கி வேடிக்கை பாக்கறவங்க கூட்டமும் வந்துடுச்சு.

நீ கட்டைவெரலைப் பாத்தது எனக்குத் தெரியும். பொம்பளைங்க நிக்கற எடத்துலேர்ந்து நான் உன்னைத்தான் பாத்துக்கினு இருந்தேன். உங்க மாமா செத்தன்னிக்குக்கூட நான் அப்படி ஒடஞ்சு போவல. நீ எழுதிட்டே, நான் படிச்சுட்டேன். படிச்சுட்டு அழுதேன். கோவம் முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன்.

உன் பாட்டை எனக்குக் குடுக்கறேன்னு எழுதினியே, அதுக்கு நான் பதில் போடல. இப்ப போடறேன். வேணாம். உன் பேர்ல போட்டா நான் தம்பி தயவுல பொழைக்கறவ. நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம்னா அதுவும் போயிடும். அந்த வூட்டுல நான் இருக்கேன், என் பொண்ணு இருக்குது. வலை இருக்குது, வலை கட்ட ஆள் இருக்குது. எங்க வூட்டுக்கு வேணும். குடுத்தா அதைக் குடுக்கட்டும்.

அந்தப் பொண்ணுக்கு இன்னா பண்ணப் போறே? அதை மொதல்ல எழுது.

அக்கா


மாதவரம்
12-1-2025

அக்காவுக்கு,

பொங்கலுக்கு உனக்கும் திவ்யாவுக்கும் துணி அனுப்பியிருக்கோம். எங்க உடம்பு நல்லா இருக்கு. எனக்கு மட்டும் நாலு நாளா தூக்கம் கம்மி.

போன ஞாயித்துக்கிழமை சங்கத்துக் கூட்டம். கடைசியில வேற எதுனா உண்டான்னாங்க, நான் எழுந்தேன். இந்தத் தடவ மைக்கு குடுக்கல. சீட்டு எழுதினதுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார், திருப்பி எழுதணும்னேன். வாடகைக்கு இருக்கறவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க, அவங்க பேரை எப்படி எழுதறதுன்னாரு செக்ரட்டரி. அவரு சொன்னதுல ஞாயம் இல்லாம இல்ல. நானும் அதைத்தான் யோசிச்சுக்கினு கெடந்தேன்.

"பேரே எழுத வேணாம் சார். கதவு நம்பரை எழுதுங்க. மனுசங்க வருவாங்க போவாங்க, கதவு அங்கயேதான் இருக்கும். உள்ள யாரு இருக்காங்களோ அவங்களுக்கு முறை."

தருமா, நீ இங்க வேலை பாக்கறவன், உக்காருன்னாரு. அப்படி அவரு என்கிட்ட பேசினதே கெடையாது. நான் பொட்டி சாவியை எடுத்து மேசைமேல வெச்சேன். வேற ஆளை வெச்சு சீட்டு போட்டுக்கோங்க சார், என் கையால இதைத் தொறக்கமாட்டேன்னேன். சரண்யா நெனப்பு அப்பதான் வந்துது, வேலை போச்சுன்னா வூட்டுல இன்னா சொல்றதுன்னு. அப்பறம் ஏ ப்ளாக்ல ஒரு அம்மா, ரெண்டு வூடு வெச்சிருக்கறவங்க, என் இன்னொரு வூட்டுலயும் வாடகைக்குத்தான் இருக்காங்க, நாளைக்கு அவங்க காரு வாங்கினா என்கிட்டதான் வந்து நிப்பாங்க, தருமன் சொல்றது சரின்னாங்க. கை தூக்கச் சொன்னாங்க. மூணு கை அதிகம். அவ்ளோதான் வித்தியாசம்.

அன்னிக்கே அறுவத்திநாலு கதவுக்கும் சீட்டு எழுதினேன். வண்டி இல்லாத கதவுக்கு வண்டி வர்றப்போ முறை ஆரம்பிக்கும். வாடகைக்கு வுட்ட வூடோ சொந்த வூடோ, உள்ள வெளக்கு எரியற கதவுக்குத்தான் முறை. பூட்டிக் கெடக்கற கதவுக்குக் கெடையாது. குணசுந்தரிக்கு நாலாவது ராத்திரி, நடு பாயிண்டு. அந்தப் பொண்ணு மறுநாள் காலைல அஞ்சரைக்கு வண்டியில ஏறிப் போறப்போ ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. செக்ரட்டரி சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாரு. பேச்சுதான் இன்னும் இல்ல.

நம்ம ஊர்ல தை சீட்டு பிப்ரவரி ரெண்டாம் தேதின்னு கஸ்தூரியம்மாள் சொன்னாங்க. வர்றேன். மறுநாள் காலைல ஈ.பி.காரங்க புது ட்ரான்ஸ்பார்மருக்கு எடம் பாக்க வர்றாங்க, அதனால பேசிட்டு கடைசி பஸ்ஸைப் புடிச்சுடணும். உன்னைப் பாக்க முடியுமான்னு தெரியல.

தருமன்


ஏரிமுனைக் குப்பம்
5-2-2025

என் தம்பி தருமனுக்கு அக்கா செவ்வந்தி எழுதறது. நானும் திவ்யாவும் சொகம். முட்டியைப் பத்தி இன்னிக்கு நெனப்பே வரல. நீ பஸ் புடிச்சு ஒழுங்கா வூடு சேந்தேன்னு கஸ்தூரியம்மாள் சொன்னாங்க.

நீ வந்ததையும் பாத்தேன், போனதையும் பாத்தேன். நடுவுல பேசினதும் காதுல விழுந்துது. பின்னாடி நின்னவங்களுக்குக் கேக்கணும்னே நீ கத்திப் பேசினே. போன வருசம் எங்க அக்கா வூட்டுக்காக நான் வாயைத் தொறக்கல, அது என் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னே பாரு, அப்ப கஸ்தூரியம்மாள் என் கையைப் புடிச்சுக்கினாங்க. அப்பறம் பேரை எழுதாதீங்க, வெளக்கு எரியற கதவை எழுதுங்கன்னே.

ஆதிநாராயணன் மாமா லேசுப்பட்ட ஆளா. உன் பாட்டுல வலை போடறது அவரு மவன் ஆச்சே. அப்பறம் கேட்டாரு, "கதவுக்குன்னு சொல்றியே, உன் கதவு இங்க எங்க இருக்குது?"

நீ சொன்னே, "இல்ல மாமா. என் பேரை எடுத்துடுங்க. அக்கா வூட்டை எழுதுங்க."

உன் பஸ்ஸு போறப்போ ஓடி வரலாம்னு பாத்தேன், காலு வரல.

நீ போனதுக்கு அப்பறம் ரொம்ப நேரம் பேசினாங்க. மணிகண்டன் எழுந்து நின்னான். அவன் வயசுப் பசங்க எல்லாம் அவன் பக்கம் சேந்துக்கினாங்க. தன் பேரையே எடுக்கச் சொல்லிட்டான், அதுக்கு மேல அவன்கிட்ட இன்னா கேக்கறதுன்னு பெரியவங்களே சொல்லிட்டாங்க. ஆம்பள இல்லாத வூடு ஊர்ல மூணு இருக்கு, மூணையும் எழுதறதுன்னு ஆச்சு. மாமா நோட்டுல ராமன் வூடுன்னு எழுதினாரு. ராமன் இல்லியே மாமான்னேன். கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்துட்டு, அடிச்சு, செவ்வந்தி வூடுன்னு எழுதினாரு. உன் பேரு மேல ஒரு கோடு போட்டாங்க. நான் பாத்துக்கினு இருந்தேன்.

மறுநாள் காலைல சீட்டு எடுக்க என்னையே கூப்ட்டாங்க. கொடத்துல கையை வுட்டேன். இன்னா விழுந்துது தெரியுமா? வடக்குத் திட்டு. பாசியும் சேறும் தவிர ஒண்ணும் இல்லாத எடம். மணிகண்டன் தலையில கையை வெச்சுக்கினான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சுடா. சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்து, எல்லாரும் என்னையே பாத்தாங்க. வடக்குத் திட்டு இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு தடவ விழும். ஆதிநாராயணன் மாமாவுக்கும் விழுந்திருக்கு, நைனாவுக்கும் விழுந்திருக்கு. இப்ப எனக்கும் விழுந்துது. அடுத்த முறை நகந்துக்குவோம்.

நீ யோசிக்காம வந்து மாட்டிக்கினேன்னு ஊர்ல பேசிக்கறாங்க. வண்டி இருவத்தொண்ணு, சீட்டு பத்தொம்போதுன்னு எண்ணிப் பாத்தவ நான். அறுவத்திநாலு கதவைப் பத்தி அவ்ளோ எழுதினே, பூட்டிக் கெடக்கற கதவுக்கு இல்லன்னும் எழுதினே. நைனா வூட்டுக் கதவைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை எழுதல. அந்தக் கணக்குல உன் பேரு போவும்னு தெரிஞ்சேதான் வந்திருக்கே.

அந்தக் கதவு இன்னும் இங்கதான் கீது. திவ்யா அதைத் தொடச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்குது. நம்ம வூட்டுப் பின்பக்கம் ஒரு ரூம்பு எடுத்து அதை மாட்டலாம்னு மணிகண்டன் சொல்றான். நீயும் சரண்யாவும் வந்தா தங்க ஒரு எடம் வேணுமே.

உன் பேரு போனதைப் பத்தி எனக்கு எழுத வரல. அதை வாயாலதான் சொல்லணும். வெள்ளிக்கிழமை முதல் தடவ வலை கட்டறோம், சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரைக்கு வந்துடுவோம். அதுக்கு அப்பறம் போன் அடி. எடுக்கறேன்.

உன் அக்கா,
செவ்வந்தி